அண்ணல் லண்டனை விட்டுப் புறப்பட்ட நாட்கள்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் அண்ணல் அம்பேத்கர் அவர்களின் கல்வியைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்தார்கள். அண்ணலைப் பற்றி நம் மேடைகளில் பேசாத ஆண்டில்லை. மகாத் குளத்துப் போராட்டமும், வட்டமேசை மாநாடும், அரசியல் சட்டம் இயற்றியதும், நாகபுரியில் பௌத்தம் தழுவியதும் இங்கே அமர்ந்திருக்கும் சிறு பிள்ளைகளும் அறிந்த செய்திகள். ஆகவே அவற்றை விடுத்து, மேடைகளில் அவ்வளவாகப் பேசப்படாத சிறு பகுதி ஒன்றை எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். அண்ணல் அயல்நாட்டில் நெடுங்காலம் தங்கிப் பயின்றபின் தாயகத்துக்குப் புறப்பட்ட கடைசி நாட்கள் எப்படி இருந்தன என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

இப்பொருளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அக்காரணத்தில் நம்முடைய குறை ஒன்றும் கலந்திருக்கிறது. அதை இறுதியில் மறைக்காமல் சொல்வோம்.

நம் வீடுகளில் மாட்டியிருக்கும் அண்ணலின் படத்தின் கீழே அவர் பெற்ற பட்டங்களை அச்சிட்டிருப்பார்கள். எம்.ஏ., பிஎச்.டி., எம்.எஸ்சி., டி.எஸ்சி., பார்-அட்-லா என்று அந்த வரிசை நீளும். அதைப் பார்க்கும் மாணவன், ஒருவர் படிக்கட்டில் நிற்காமல் ஏறிச் சென்றதுபோல எண்ணிக்கொள்கிறான். 'அவர் பேரறிஞர், அவரால் முடிந்தது, நம்மால் ஆகுமா?' என்று படத்துக்கு மாலையிட்டுவிட்டு விலகிவிடுகிறான். உண்மை அப்படியன்று. அண்ணல் இருமுறை லண்டன் மாநகரைவிட்டுத் தாயகம் புறப்பட்டார். முதல்முறை 1917ஆம் ஆண்டு. இரண்டாம் முறை 1923ஆம் ஆண்டு. இருமுறையும் எடுத்த படிப்பு முடியவில்லை. இருமுறையும் பணம் தீர்ந்துபோயிருந்தது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பும் மாணவனின் நிலையை அவர் இருமுறை அனுபவித்தார். இதை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும்.

முதற் புறப்பாடு

1913ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அண்ணல் நியூயார்க் நகரை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 22. அவ்வாண்டுத் தொடக்கத்தில்தான் தந்தையார் இராம்ஜி மறைந்திருந்தார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் அளித்த உதவித்தொகை மாதம் பதினொன்றரைப் பவுன். அதற்கு ஈடாக, படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் பத்தாண்டு பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சிறு தொகையிலேயே தம் உணவையும் இருப்பிடத்தையும் நடத்திக்கொண்டு, மிச்சம் பிடித்து வீட்டுக்கும் அனுப்பினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1915ஆம் ஆண்டு எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், இந்தியாவில் சாதிகள் எவ்வாறு தோன்றின என்பதைப் பற்றித் தம் ஆய்வுரையை அங்கே படித்தார். அவ்வாண்டிலேயே இந்தியாவின் தேசிய வருவாய் குறித்த ஆய்வேட்டையும் ஒப்படைத்துவிட்டு லண்டனுக்குச் சென்றார்.

லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்திலும் பெயரைப் பதிந்துகொண்டார். ஒரே நேரத்தில் பொருளியல், சட்டம் என இரண்டு துறைகள். ஓராண்டு நிறைவதற்குள் உதவித்தொகையின் காலம் முடிந்துவிட்டது. 1917ஆம் ஆண்டின் கோடையில் தாயகம் திரும்பியே ஆகவேண்டிய நிலை. எம்.எஸ்சி. முடியவில்லை; சட்டப் படிப்பும் பாதியில் நின்றது.

அந்த நிலையில் நாம் இருந்தால் என்ன செய்வோம்? மனம் நொந்து பெட்டியைக் கட்டுவோம். நண்பர்களிடம் விடைபெறுவோம். 'நமக்குக் கொடுத்து வைத்தது இவ்வளவுதான்' என்று சொல்லிக் கப்பலேறுவோம். அண்ணலும் பெட்டியைக் கட்டினார். ஆயின் அதற்கு முன் ஒரு செயல் செய்தார். தம் பேராசிரியர் எட்வின் கானன் அவர்களின் பரிந்துரையோடு, லண்டன் பல்கலைக்கழகத்திடம் ஓர் அனுமதி பெற்றார். 1917 அக்டோபர் முதல் நான்கு ஆண்டுகளுக்குள் எப்போது திரும்பி வந்தாலும், விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடரலாம் என்பதே அந்த அனுமதி.

மாணவர்களே, இச்சிறு செயலை நன்றாக மனத்தில் இருத்துங்கள். அண்ணலின் கையில் அப்போது பணமில்லை. திரும்பி வருவதற்கு வழி இருக்கிறதா என்பதும் தெரியாது. பரோடாவில் பத்தாண்டுப் பணி காத்திருக்கிறது. உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. இத்தனைக்கும் நடுவில், போகும்போதே 'நான் திரும்பி வருவேன்' என்பதை எழுத்தில் பதிந்துவிட்டுப் போனார். நான்கு ஆண்டு என்று ஒரு கெடுவும் தமக்கு வைத்துக்கொண்டார்.

புறப்பாடும் எளிதாக அமையவில்லை. அவ்வாண்டு பிப்ரவரி முதல் ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள், எதிர்ப்பட்ட வணிகக் கப்பல்களையெல்லாம் முன்னறிவிப்பின்றித் தாக்கி மூழ்கடித்துவந்தன. அண்ணல் பிரான்சு நாட்டின் மார்செய்ல் துறைமுகம்வரை நிலவழியே சென்று, அங்கிருந்து கெய்சர்-இ-ஹிந்த் என்னும் கப்பலில் ஏறினார். அவருடைய பெட்டிகளும், உண்ணாமல் தின்னாமல் வாங்கிச் சேர்த்த நூல்களும் வேறொரு கப்பலில் வந்தன. அந்தக் கப்பல் தாக்கப்பட்டுக் கடலில் மூழ்கிப்போயிற்று. அண்ணல் 1917 ஆகஸ்டு 21ஆம் நாள் பம்பாய் வந்து சேர்ந்தார். நூல்கள் வரவில்லை. இழந்த பொருள்களுக்கு ஈடாக 600 ரூபாய் கிடைத்தது. பரோடா சென்று வேலையில் சேர்வதற்கான செலவுக்கு அப்பணமே உதவிற்று என்று அவர் வரலாற்றை எழுதிய தனஞ்சய் கீர் குறிப்பிடுகிறார்.

பரோடாவில் நடந்தது நீங்கள் அறிந்ததே. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் யாரும் அவருடைய சாதியைக் கேட்டதில்லை. தாம் தீண்டப்படாதவர் என்ற எண்ணமே அந்த ஆண்டுகளில் தம் மனத்திலிருந்து அழிந்துபோயிருந்தது என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். பரோடா புகைவண்டி நிலையத்தில் இறங்கியவுடன் 'எங்கே தங்குவது?' என்ற கேள்வி அவருக்கு அதை நினைவூட்டிற்று. தங்குவதற்கு யாரும் இடம் தரவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் ஒன்றைச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் பார்சிகள் பலர் தடிகளோடு வந்து அவரை வெளியேற்றினார்கள். போக்கிடமின்றி நகரப் பூங்காவில் அமர்ந்திருந்து, அன்றிரவே புகைவண்டியேறிப் பம்பாய் திரும்பினார். உலகின் பெரும் பல்கலைக்கழகங்கள் இரண்டில் பயின்ற ஒருவர்க்குத் தாயகம் தந்த வரவேற்பு இது!

இடைப்பட்ட மூன்று ஆண்டுகள்

நூல்கள் கடலில் போயின. வேலையும் நிலைக்கவில்லை. எஞ்சியிருந்தது லண்டனில் பெற்ற அந்த அனுமதி ஒன்றே. நான்காண்டுக் கெடுவின் நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன.

1918ஆம் ஆண்டு நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 450 ரூபாய். அக்காலத்தில் அது நல்ல சம்பளம். அதைக் கொண்டு வசதியான வீடும் வாழ்க்கையும் அமைத்துக்கொண்டிருக்கலாம். அண்ணல் எளிய குடியிருப்பிலேயே தங்கினார். துணைவியார் இரமாபாய் அம்மையார் கையிறுக்கமாகக் குடும்பம் நடத்தினார். சம்பளத்தில் ஒரு பகுதி, திரும்பிச் செல்வதற்கென்று ஒதுக்கப்பட்டது. 1920ஆம் ஆண்டு மார்ச்சில் அந்த வேலையை விட்டார். தம் சேமிப்போடு கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசர் தந்த உதவியும், நண்பர் நவல் பதேனா கடனாகத் தந்த 5,000 ரூபாயும் சேர்ந்தன. அதே ஆண்டில் லண்டன் சென்று, விட்ட இடத்தில் மீண்டும் சேர்ந்தார். நான்காண்டுக் கெடுவில் மூன்றாண்டு நிறையும் வேளையில் அவர் திரும்பிவிட்டார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நவல் பதேனா ஒரு பார்சி. கொலம்பியாவில் உடன் பயின்ற காலத்திலிருந்து நண்பர். பரோடாவில் தடியோடு வந்தவர்களும் பார்சிகள். லண்டன் செல்லப் பணம் தந்தவரும் பார்சி. ஒரு கூட்டத்தார் செய்த தீங்கை எண்ணி அக்கூட்டத்தில் பிறந்த நண்பனை அண்ணல் விலக்கவில்லை. படிக்க விரும்புகிறவன் உதவும் கை எங்கிருந்து நீண்டாலும் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்கு இது சான்று.

இரண்டாம் புறப்பாடு

லண்டனில் இரண்டாம் முறை தங்கிய காலத்தில் அண்ணல் நடத்திய வாழ்க்கையைக் கீர் விரிவாக எழுதியிருக்கிறார். காலையில் ஒரு துண்டு ரொட்டியும் ஒரு கோப்பைத் தேநீரும். பிறகு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நூலகம். அங்கே வாயில் திறக்கும் வேளையில் நுழைந்தால், மூடும் வேளையில் காவலர் வந்து எழுப்பும்வரை படிப்பு. பகலுணவு இல்லை. இரவில் பசி பொறுக்காதபோது, நண்பர் ஒருவர் தந்த அப்பளத்தைச் சுட்டுத் தின்றுவிட்டு விடியும் நேரம்வரை மீண்டும் படிப்பு. அறைத்தோழர் உறங்கச் சொன்னால், தமக்குக் காலமும் குறைவு, பணமும் குறைவு என்பதே விடை.

பணம் குறைந்ததற்குப் பொருளியல் காரணம் ஒன்றும் உண்டு. கணக்குப் பாடத்தில் விருப்பமுள்ள மாணவர்கள் இதைக் கவனிக்கலாம். இந்திய ரூபாய்க்கு இங்கிலாந்தின் நாணயத்தில் என்ன மதிப்பு என்பது அந்நாட்களில் நிலையின்றி ஆடியது. 1920ஆம் ஆண்டு அரசாங்கம் ஒரு ரூபாய்க்கு இரண்டு ஷில்லிங் என்ற விகிதத்தை நிலைநாட்ட முயன்று தோற்றது. 1921ஆம் ஆண்டில் ரூபாயின் மதிப்பு ஒரு ஷில்லிங் நான்கு பென்சுக்கும் கீழே இறங்கிற்று. ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். ஒரு ஷில்லிங்கிற்கு 12 பென்சு. ரூபாய் இரண்டு ஷில்லிங்காக இருந்தால் 5,000 ரூபாய்க்கு 500 பவுன் கிடைக்கும். ஒரு ஷில்லிங் நான்கு பென்சாக இருந்தால் அதே 5,000 ரூபாய்க்கு 333 பவுன்தான். ஊரில் சேர்த்த பணம் ஊரில் எண்ணியபடியே இருக்கும். லண்டனில் அதற்குக் கிடைக்கும் ரொட்டி மட்டும் குறைந்துகொண்டே போகும். நூலகத்தில் அமர்ந்து அண்ணல் எழுதிக்கொண்டிருந்த ஆய்வேடும் இதே சிக்கலைப் பற்றியதுதான். 'ரூபாயின் சிக்கல்' என்பதே அதன் பெயர். ரூபாயின் விலை நிலையாக இல்லாவிட்டால் ஏழையின் வாழ்வு எப்படி ஆட்டம் காணும் என்பதை ஏட்டில் எழுதியவர், அதைத் தம் வயிற்றிலும் அறிந்திருந்தார்.

1921ஆம் ஆண்டு எம்.எஸ்சி. பட்டம் கிடைத்தது. 1922ஆம் ஆண்டு பாரிஸ்டர் தகுதியும் கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் டி.எஸ்சி. பட்டத்துக்குரிய ஆய்வேட்டை ஒப்படைத்தார். இனி வெற்றியோடு ஊர் திரும்புவதுதான் பாக்கி என்று யாரும் எண்ணியிருப்பார்கள். ஆனால் 1923ஆம் ஆண்டு மார்ச்சில், ஆய்வேட்டை அப்படியே ஏற்க இயலாது, திருத்தி எழுத வேண்டும் என்ற முடிவு வந்தது. இந்தியாவில் ஆங்கிலேயர் நடத்திய நாணயக் கொள்கையை அவர் கடுமையாகச் சாடியிருந்தது தேர்வாளர்களுக்குப் பொறுக்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர்.

லண்டனில் தங்கித் திருத்தி எழுதச் சில மாதங்களாவது வேண்டும். தங்குவதற்குப் பணமில்லை. இரண்டாம் முறையும் அண்ணல், முடியாத வேலையோடு கப்பலேறினார். 1923 ஏப்ரல் 3ஆம் நாள் பம்பாய் வந்து சேர்ந்தார்.

இம்முறை கையெழுத்துப் பிரதி அவருடனேயே வந்தது. வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்வதற்கும் பணமில்லாத நிலை. அதற்கும் நண்பர் பதேனாவே உதவினார். வீட்டுக் கவலைகளுக்கிடையே ஆய்வேட்டைத் திருத்தி எழுதினார். சொல்லைச் சில இடங்களில் மாற்றினாரேயன்றித் தாம் கண்ட முடிவுகளை மாற்றவில்லை. ஆகஸ்டில் மீண்டும் லண்டனுக்கு அனுப்பினார். நவம்பரில் டி.எஸ்சி. பட்டம் வழங்கப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் ஆய்வேடு லண்டனில் நூலாகவும் வெளிவந்தது. 1917இல் அவருக்காகப் பரிந்துரைத்த அதே பேராசிரியர் கானன் நூலுக்கு முன்னுரை எழுதினார். நூலின் கருத்துகள் சிலவற்றோடு தமக்கு உடன்பாடில்லை என்பதை அந்த முன்னுரையிலேயே வெளிப்படையாகச் சொன்னார். எனினும் அதன் புதுமையைப் பாராட்டினார். மாணவனின் கருத்து தமக்கு ஏற்புடையதாக இல்லாதபோதும் அவனுக்காகக் கதவைத் திறந்து வைத்த ஆசிரியர் அவர். நம்மைப்போன்ற ஆசிரியர்கள் அண்ணலைப் போற்றும்போது அவரையும் ஒருமுறை நினைத்துக்கொள்வது நலம்.

கொலம்பியாவில் 1916ஆம் ஆண்டு ஒப்படைத்த ஆய்வேட்டின் கதையும் இதுவே. அது நூலாக அச்சானது 1925ஆம் ஆண்டு. பிஎச்.டி. பட்டம் முறைப்படி கிடைத்தது 1927ஆம் ஆண்டு. ஒப்படைத்ததற்கும் பெற்றதற்கும் இடையே பதினோரு ஆண்டுகள்! படத்தின் கீழே உள்ள பட்ட வரிசையை இனிப் பார்க்கும்போது, ஒரு பட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளிகளையும் சேர்த்துப் படியுங்கள்.

அவர் தாயகம் திரும்பியபின் தம் மக்களுக்காக நிறுவிய முதல் அமைப்பு எது தெரியுமா? 1924ஆம் ஆண்டு சூலை 20ஆம் நாள் தோன்றிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை. கல்வியைப் பரப்புவது அதன் தலையாய நோக்கங்களில் ஒன்று. 1925ஆம் ஆண்டு சோலாப்பூரில் மாணவர் விடுதியொன்றை அச்சபை நடத்தத் தொடங்கிற்று. ஊர் திரும்பி இரண்டாண்டு நிறைவதற்குள் அவர் செய்த வேலை, இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவரும் வேலைதான். பின்னர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, 1944ஆம் ஆண்டு, பள்ளியிறுதிக்கு மேல் பயிலும் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு மத்திய அரசின் உதவித்தொகை பிறக்க வழி செய்தார். உதவித்தொகை நின்றுபோனால் மாணவன் என்ன ஆவான் என்பது, வேறு எவரையும்விட அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் குறை

இனி நம் செய்திக்கு வருவோம்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, நாம் ஓர் அரசுப் பள்ளியில் பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்தோம். நம் சமூகத்தைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் பத்தாம் வகுப்பில் பயின்றுவந்தான். கணக்கில் கெட்டிக்காரன். அரையாண்டுத் தேர்வு முடிந்த சில நாட்களில் அவனும் அவன் தாயும் அலுவலக வாயிலில் வந்து நின்றார்கள். தகப்பனார் செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிவிட்டார். குடும்பத்தோடு போயாக வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். பரிதாபமாகத்தான் இருந்தது. 'இன்னும் மூன்று மாதம்தானே, தேர்வு எழுதிவிட்டுப் போகக்கூடாதா?' என்று ஒரு வார்த்தை கேட்டோம். தாயார் தலைகுனிந்து நின்றார். அதற்கு மேல் நாம் கேட்கவில்லை. எழுத்தர் சான்றிதழை எழுதினார். நாம் கையொப்பமிட்டு முத்திரை வைத்தோம். 'நல்லா இரு' என்று வாழ்த்தியும் அனுப்பினோம். விதிப்படி எல்லாம் சரியாகவே நடந்தது.

பணிமாறுதலில் பல ஊர்கள் சென்று, பதினேழு ஆண்டுகளுக்குப்பின் அதே பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்தோம். ஒரு சூன் மாதத்தில், சிறுமி ஒருத்தியை ஆறாம் வகுப்பில் சேர்க்க அவள் தகப்பனார் வந்தார். உற்றுப் பார்த்தபோது அந்தச் சிறுவன்தான். கைகள் காய்த்திருந்தன. விண்ணப்பத்தில் பெற்றோர் கல்வித் தகுதி என்ற இடத்தில், 'பத்தாம் வகுப்பு, அரையாண்டு வரை' என்று எழுதியிருந்தார். எத்தனையோ விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறோம். அப்படி எழுதியவர் எவரையும் பார்த்ததில்லை. சேர்க்கை முடிந்தது. எழுந்து போகுமுன் அவர் நம்மிடம் ஒன்று கேட்டார்.

"ஐயா, அப்ப நான் அடுத்த வருசம் திரும்பி வந்திருந்தா சேத்திருப்பீங்களா?"

"சேர்த்திருப்போம், அப்பா. தனித்தேர்வராகவும் எழுதியிருக்கலாமே" என்றோம்.

"அத யாருமே சொல்லலியே, ஐயா" என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நமக்கு இவ்வளவு வலித்திராது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு நாம் உறங்கவில்லை. அந்தக் குடும்பத்தின் கடனை நம்மால் தீர்த்திருக்க முடியாது என்பது உண்மை. சூளைக்குப் போவதை நிறுத்தியிருக்கவும் முடியாமல் போயிருக்கலாம். ஆனால் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க முடியும். 'போய் வா, திரும்பி வரலாம், இன்ன நாளுக்குள் வந்தால் இன்னது செய்யலாம்' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்க முடியும். லண்டனில் ஓர் ஆங்கிலப் பேராசிரியர், கடல்கடந்து வந்த ஒரு மாணவனுக்காகச் செய்ததை, நம் சமூகத்துப் பிள்ளைக்கு நாம் செய்யத் தவறினோம். கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியாதவனுக்குச் சொல்ல வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை.

செய்ய வேண்டியவை

அதன்பின் நாம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் பிள்ளையை அமரச் செய்து, எப்போது எவ்வாறு திரும்பலாம் என்பதை எழுதிக் கொடுக்கிறோம். பெயரையும் போகும் இடத்தையும் ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொள்கிறோம். ஆண்டுக்கு இருமுறை அப்பெயர்களைப் படித்து, உறவினர் வழியாகச் சொல்லியனுப்புகிறோம். இதுவரை பதிந்த பெயர்கள் 19. திரும்பி வந்து படிப்பைத் தொடர்ந்தவர் 6 பேர். இது பெரிய வெற்றி என்று நாம் சொல்லவில்லை. திரும்பாத 13 பெயர்கள் அந்தக் குறிப்பேட்டில் இன்னும் இருக்கின்றன. ஆனால் அந்த ஆறு பேரில் ஒரு பெண் இன்று செவிலியர் பயிற்சி பெறுகிறாள். அவளுக்குத் திருமணம் பேசி நிறுத்தியிருந்தார்கள். அவள் பாட்டியார் வைத்திருந்த நம் தாளைக் காட்டித்தான் மீண்டும் வந்து சேர்ந்தாள்.

இவ்வெள்ளி விழாவில் சங்கத்தின் முன் நாம் வைக்கும் வேண்டுகோள் இதுவே. சங்கம் இதுநாள்வரை, படித்துத் தேறியவர்களின் பட்டியலை வைத்திருக்கிறது. அது மகிழ்ச்சிக்குரியது. இனி, படிப்பை இடையில் விட்டுப் போனவர்களின் பட்டியலையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தெருவிலும் உறுப்பினர் ஒருவர் அதற்குப் பொறுப்பேற்கலாம். திரும்பி வர விரும்பும் பிள்ளைக்குத் தேர்வுக் கட்டணத்துக்கும் பேருந்துச் செலவுக்கும் சிறு கடன் தரும் நிதி ஒன்றை ஒதுக்கலாம். அனுமதி மட்டும் கையில் இருந்து பதேனாவின் கடன் கிடைக்காதிருந்தால், அண்ணலும் லண்டன் திரும்பியிருக்க முடியாது. கதவு திறந்திருப்பது ஒன்று. அதுவரை நடந்து செல்ல வழிச்செலவு வேண்டியிருப்பது மற்றொன்று. இரண்டாவது, சங்கத்தின் கடமை.

வழிகள் இன்று அக்காலத்தைவிடப் பெருகியிருக்கின்றன. பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. ஆனால் வழி இருப்பது தெரியாதவனுக்கு அது இல்லாததற்குச் சமம் என்பதை, அந்தத் தகப்பனாரின் கேள்வி நமக்குக் கற்பித்தது.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு சொல். எந்தப் பிள்ளையும் வறுமையால் படிப்பை நிறுத்தும் நிலை வரக்கூடாது என்பதற்காகத்தான் சங்கங்களும் சட்டங்களும் இருக்கின்றன. அந்த நிலையை ஒழிக்கப் போராடுவதே முதற்கடமை. எனினும் ஒரு வேளை உங்களுள் யாருக்காவது அது நேர்ந்தால், வெட்கத்தால் சொல்லாமல் ஓடிவிடாதீர்கள். தலைமையாசிரியரின் அறைக்குச் செல்லுங்கள். கல்லூரியானால் முதல்வரின் அறைக்குச் செல்லுங்கள். 'நான் திரும்பி வருவதற்கு என்ன வழி? எத்தனை ஆண்டுக்குள் வர வேண்டும்?' என்று கேளுங்கள். விடையை எழுதி வாங்குங்கள். அந்தத் தாளைக் குடும்ப அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். வேலைக்குச் செல்லும் இடத்தில் கூலியில் சிறு பகுதியேனும் அதற்கென்று ஒதுக்குங்கள். கெடு முடியுமுன் வந்துவிடுங்கள். அண்ணல் செய்தது இதைத்தான்.

கடலில் மூழ்கிய நூல்களுக்காக அண்ணல் வருந்தாமல் இருந்திருக்கமாட்டார். ஆனால் பிற்காலத்தில் பம்பாய் தாதர்ப் பகுதியில் தாம் கட்டிய இராஜகிருகம் என்னும் வீட்டில், நூல்களுக்கென்றே இடம் வகுத்து, ஆயிரக்கணக்கில் மீண்டும் சேர்த்தார். போனதை மீண்டும் சேர்க்கலாம். விட்டதை மீண்டும் தொடரலாம்.

சங்கத்தின் பட்டியல் வேலைக்கு நம் குறிப்பேட்டை இன்றே செயலாளர் அவர்களிடம் ஒப்படைக்கிறோம். அதில் உள்ள 13 பெயர்களில் நால்வர் இந்த ஊரைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பெற்றோர் இக்கூட்டத்தில் இருக்கக்கூடும். விழா முடிந்ததும் அவர்கள் நம்மை வந்து காண வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.